கண்ணாடி அறைக்கு வெளியே தொங்கிய கேபிள்

குளிருக்கு ஆசைப்பட்டுத் தொழிலைத் தேர்ந்தெடுத்தவன் நான். இதை எந்த இன்டர்வியூவிலும் சொன்னதில்லை.

2005-இல் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். எனக்கு முன்னால் இரண்டு வழிகள். நெட்வொர்க் என்றால் கேபிளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டும். சிஸ்டம் அட்மின் என்றால் கண்ணாடி அறையில் சர்வர்களோடு உட்கார்ந்திருக்கலாம். சர்வருக்குச் சூடு ஆகாதாம், அதனால் நாள் முழுக்க ஏசி. (மரக்காணத்து உப்பளத்தில் நிற்கும் அப்பாவுக்குச் சூடு ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை.) அந்த அறையில் ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாள் அப்பாவை அதில் உட்கார வைக்க வேண்டும். என் லட்சியமே அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டார்: "நெட்வொர்க்கா, சிஸ்டமாப்பா?"

"சிஸ்டம் சார்."

"சரி, வெளிய உட்காரு. கூப்பிடுறேன்."

வெளியே என்றால் கண்ணாடி அறைக்கு எதிரில். சுவரில், ஆபீஸ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிளின் முனை மட்டும் சும்மா தொங்கியது. உப்பளத்தில் ஒரு மடை திறந்து கிடந்தால் போதும், பத்து நாள் காயவைத்த தண்ணீர் ஓடிவிடும். திறந்த வாயைப் பார்த்தால் மூடிவிட்டுத்தான் நடப்போம். காலியாக இருந்த ஓட்டையில் முனையைச் சொருகினேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் படபடவென்று மின்னின. நன்றி சொல்கிறது என்று நினைத்தேன்.

"மெயில் போகலையே" என்றது ஆபீஸுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"எனக்கும் போகலப்பா. பிரிண்டரும் நின்னுடுச்சு."

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் ஓடினார். பின்னாலேயே நான்கு பேர்.

"நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா சார்?" என்றேன். (அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

அரை மணி நேரம் கழித்து ஒருவர் கண்டுபிடித்தார். நான் சொருகிய கேபிளின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. அனுப்பியதெல்லாம் வெளியே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

"யாருய்யா இதச் சொருகினது?"

கையைத் தூக்கினேன்.

"ஏம்பா?"

"தெறந்து கெடந்துச்சு சார்."

மேனேஜர் வாசலைக் காட்டினார். "நீ கெளம்புப்பா."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலில் காய்ந்திருந்த உப்பைத் தட்டிவிட்டபடி அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள குளிரா இருந்துச்சா?"

"நான் உள்ள போகலப்பா."

அன்று என்னதான் செய்தேன் என்று புரிந்துகொள்வதற்காகவே நெட்வொர்க் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். படித்துப் படித்து நெட்வொர்க்காரனாகவே ஆகிவிட்டேன். இப்போதும் கேபிளோடு மாடி ஏறுகிறேன், ஏதாவது ஒரு கண்ணாடி அறை வரைக்கும்.

மரக்காணத்தில் கரண்ட் போனால் போதும், அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும்.

"டேய், எதையாவது சொருகினியா?"

பின்னால் சித்தப்பா வீடு வரைக்கும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் குரல் கேட்கும்.

"உள்ள உட்கார விட்டாங்களான்னு கேளு."

"வேலை முடிஞ்சதும் பத்து நிமிஷம் உட்காருவேம்பா" என்பேன்.