கைருன்னிசா சால்னாப் பொடி

“உப்பு பத்தலை” என்று சாத்தூர் சொர்ணலட்சுமி எழுதியிருந்ததைப் படித்ததும் கைருன்னிசாவுக்குச் சுர்ரென்று ஏறியது. விருதுநகர் வீட்டு அடுப்படியில் போனை மல்லி டப்பாவில் சாத்தி வைத்து, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“ஏம்மா சாத்தூர் சொர்ணலட்சுமி! உப்பு ஒன் வீட்டுல இல்லையா? பொடி அனுப்புனவளே வந்து கிண்டிக் குடுக்கணுமா? ஊட்டியும் விடணுமா?”

பொடி வாங்கிக் குறை சொன்ன யாரையும் அவள் இப்படி வீடியோவில்தான் விசாரிப்பாள். அவள் சமையல் வீடியோக்களைப் பார்க்கும் பன்னிரண்டாயிரம் பேரை நம்பித்தான் அந்த வியாபாரமே நடந்தது.

பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த கணவர் உபைதுல்லா பதறிப்போனார்.

“வாங்குறவுகள ஏசுனா யாவாரம் வெளங்குமா? சிவகாசில வெடிக்காத வெடிக்கே கும்பிட்டு மன்னிப்புக் கேக்குறாக!”

“வெடிக்கலைன்னா குத்தம் வெடி மேல. இங்கன குத்தம் அவ நாக்கு மேலல்லா!”

ஆனாலும் மனுஷன் ஒரு வாரம் விடாமல் சொன்னதில் இறங்கி வந்தாள். உப்பைக் கூட்டினாள். “அன்புச் சகோதரி சொர்ணலட்சுமி அவர்களுக்கு நன்றி” என்று பல்லைக் கடித்தபடி சிரித்து ஒரு வீடியோ போட்டாள்.

தினம் நாற்பது பார்சல் போன இடத்தில் இருபதுதான் போனது.

“உப்பு கூடிருச்சுன்னு மாரிக்கண்ணன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு,” என்றார் உபைதுல்லா.

உப்பைக் குறைத்து, ‘அளவான உப்பு’ என்று சிவகாசியில் புது லேபிள் அடித்து ஒட்டினாள். மாரிக்கண்ணன் அவர்களுக்கும் நன்றி சொன்னாள். பத்து பார்சல் ஆனது. பாக்கெட்டுக்கு ஒரு கரண்டி இலவசம் என்றாள். நாலு ஆனது. “கரண்டி வளையுது” என்று ஒருத்தி எழுதினாள். கைருன்னிசா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைப் பார்த்து ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்து, “உங்கள் கருத்துக்கு நன்றி” என்றாள். மறுநாள் ஒரு ஆர்டரும் இல்லை.

“உப்பப் போடுன்னாக, போட்டேன். எடுன்னாக, எடுத்தேன். இன்னும் என்னதான்யா வேணுமாம் இந்தச் சனத்துக்கு?”

“அந்தச் சாத்தூர்ப் பொம்பளதான் ரொம்ப நாளா வாங்குறவ. பார்சல் விலாசம் இருக்குல்ல? நேர்ல போயி பணிவா ஒரு வார்த்தை கேளு.”

பஸ் ஏறிப் போனாள். சொர்ணலட்சுமி “வாங்கக்கா!” என்று வாய் நிறைய வரவேற்றாள். அவள் மகள் பிரீத்திகா தண்ணீர் கொண்டுவந்தாள். பணிவாக வாயைத் திறக்கப் போன கைருன்னிசாவின் பார்வை அடுப்படி அலமாரியில் விழுந்தது. அத்தனையும் அவள் பொடிப் பாக்கெட்டுகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பணிவு போன இடம் தெரியவில்லை.

“அடியே! பிரிக்காத பாக்கெட்டுல உப்பு பத்தலைன்னு எப்பிடிடி கண்டே? மோந்து பாத்தியா, கனாக் கண்டியா? அங்கன என் யாவாரமே படுத்துக் கெடக்கு, நீ இங்கன அடுக்கி வச்சு அழகா பாக்குறே?”

சொர்ணலட்சுமியின் முகம் பூவாக மலர்ந்தது. பிரீத்திகா சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“நிறுத்திறாதீக அத்தை, தெருவுல எல்லாத்தையும் கூட்டியாரேன்! பொடி யாருக்கு வேணும்? அத வாங்கிக் கொற சொன்னாத்தானே எங்களப் பேரச் சொல்லி ஏசுவீக!”