வெயில் மறைப்பைக் கழற்றுவதாக இல்லை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தெளிந்த புத்தியோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதும் கடிதம். இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், உங்கள் வண்டியும் நலம். அங்கே நீங்களும் மகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க.

நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "மாமா, அந்த வெள்ளி ஷீட்டையெல்லாம் தயவுசெஞ்சு கழட்டிடுங்க. திங்கக்கிழமை ஒருத்தர் வந்து கண்ணாடிக்கெல்லாம் சன் ஃபிலிம் ஒட்டிடுவார். நீங்க எதுவும் செய்ய வேண்டாம், சாவியை மட்டும் குடுத்தா போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்ச்சாரிப் பல் டாக்டர் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியதையும் அறிந்தேன். என் பதில் இதுதான். கழற்ற மாட்டேன். சாவியும் தர மாட்டேன். போனில் சொன்னால் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிவிட்டு உங்கள் இஷ்டப்படிதான் செய்வீர்கள். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதற்காக மதியத் தூக்கத்தைக்கூட இன்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளை பேச்சைத் தட்டிய மாமனார் என்று பெயர் வந்தால் வரட்டும்.

முதலில் ஆரம்பித்தது யார்? நீங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, பெட்டியெல்லாம் வாடகை வண்டியில் ஏற்றிய பிறகு, என் கையில் சாவியை வைத்து, "வெயில்ல நிக்கிற வண்டி மாமா, டேஷ்போர்டு வெடிச்சுடும், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னீர்கள். வேறு ஆளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார். நீங்கள் சொன்னது யாரிடம்? வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்து, வெளியே தார் உருகினாலும் உள்ளே ஒரு பட்டாணிகூட வியர்க்காமல் பார்த்துக்கொண்ட ஆளிடம். ஓய்வு பெற்ற பிறகு இந்த உலகத்தில் ஒருவரும் எந்தப் பொருளையும் என் பொறுப்பில் விடவில்லை மாப்பிள்ளை. கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று நான் கேட்டால்கூட, "அதெல்லாம் உங்களுக்கெதுக்கு" என்பதுதான் பதில். நீங்கள் ஒரு முழு வண்டியையே தந்துவிட்டுப் போனீர்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அன்றைக்கு உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டியும் சும்மா வண்டியா? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலை ஏறும், சேற்றில் நீந்தும் என்றெல்லாம் சொல்லி வாங்கினீர்கள். என் பொறுப்பில் அது ஏறிய மிகப் பெரிய மலை, தெருமுனை வேகத்தடை. அது போகட்டும். எங்கள் அடுக்ககத்துக்கு முன்னால் கூரை இல்லாத இடத்தில்தான் அது நிற்கிறது. சுற்றிலும் கண்ணாடி. முதல் வாரம் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த அனலில் என் மீசை கருகாதது ஆச்சரியம். ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. சீட் பெல்ட்டின் இரும்பு முழங்கையில் சூடு போட்டது. அன்றே கடைக்குப் போய் முன் கண்ணாடிக்கு ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு நாலு என்று பளபளக்கும் வெயில் மறைப்புகளை வாங்கி வந்தேன்.

பக்கவாட்டு மறைப்புகள் சாதுக்கள். ரப்பர் குமிழை அழுத்தினால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முன் கண்ணாடிக்கானது அப்படியில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு வட்டப் பையில் அதை அடைத்து விற்கிறார்கள். பையின் ஜிப்பை இழுத்தேன், அவ்வளவுதான், உள்ளே இருந்த கம்பி வளையம் விடுதலை கிடைத்த வேகத்தில் பட்டென்று விரிந்து, என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு, தெருவில் உருண்டது. அதைத் துரத்திப் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். வெற்றிதான். ஆனால் சாயங்காலம் வண்டியை எடுக்க வேண்டுமே, மடித்தால்தானே எடுக்கலாம்? பையில் மூன்று படம் போட்டிருக்கிறான். முதல் படத்தில் ஒரு ஆள் மறைப்பைக் கையில் பிடித்திருக்கிறான். இரண்டாவதில் கொஞ்சம் வளைக்கிறான். மூன்றாவதில் அது பைக்குள் இருக்கிறது, அவன் சிரிக்கிறான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அச்சடித்தவன் மறைத்துவிட்டான். நான் வளைத்தேன், முறுக்கினேன், முழங்காலால் அமுக்கினேன், அதன் மேல் உட்கார்ந்தும் பார்த்தேன். நான் எழுந்தால் அதுவும் எழுந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அப்போதுதான் உங்கள் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மற்ற பெண்கள் இறங்கி வருவது பெரிய செய்தியில்லை. அந்தச் சமயத்தில் உங்கள் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தி நாளாகியிருந்தது. காரணம் உங்களுக்குத் தெரியும், ஃப்ரிஜ். ஓய்வு பெற்று வந்ததும் வீட்டு ஃப்ரிஜைத் திறந்து பார்த்தேன். ஒரு கிடங்குப் பொறுப்பாளர் பார்க்கக் கூடாத காட்சி. தட்டுத் தட்டாகப் பிரித்து, எது எங்கே என்று சீட்டு ஒட்டி, கதவை இவ்வளவு நேரத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று ஒரு விதியும் எழுதி வைத்தேன். இதில் என்ன தப்பு? இன்றைக்கும் கேட்கிறேன், என்ன தப்பு? உங்கள் அத்தை நேராக ஃப்ரிஜுக்குப் போனாள். "காலாவதி ஆனவை" என்று நான் எழுதி ஒட்டியிருந்த சீட்டை மட்டும் உரித்து, என் நாற்காலியின் முதுகில் ஒட்டிவிட்டாள். அதன் பிறகு பேச்சு கிடையாது. சாப்பாடு தயார் என்றால் அடுக்களையிலிருந்து கடல் கடந்து மகளுக்குப் போன் போகும். மகள் எனக்குப் போன் செய்து, "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க" என்பாள். நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போவேன். உப்புப் போதவில்லை என்றால் அதே வழியில் பதில் போகும்.

அப்படிப்பட்டவள் தெருவில் வந்து நின்று, நான் படும் பாட்டைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மறைப்பின் ஒரு ஓரத்தைப் பிடித்து, "நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பிடித்தேன். "மேல திருப்புங்க. ஐயோ, உங்க மேல இல்லை, என் மேல!" என்றாள். "ரெண்டு பேருக்கும் மேலன்னா ஒண்ணுதானே?" என்றேன். "இந்த வியாக்கியானமெல்லாம் ஃப்ரிஜோட வெச்சுக்கங்க" என்றாள். மறைப்பு மடங்கிப் பைக்குள் போனது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து காலையில் விரிப்பதற்கு நான், சாயங்காலம் மடிப்பதற்கு இருவரும். இருவர் இல்லாமல் அது மடங்காது, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி பல் டாக்டர் விஷயம். ஒரு நாள் அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்து வந்தார். "சார், சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் உங்க வண்டியில பட்டு வர்ற வெளிச்சம் நேரா என் ஜன்னல்ல அடிக்குது. பேஷன்ட் கண்ணைத் திறக்க முடியலை" என்றார். நான் விடுவேனா? "டாக்டர், ஊரையே மல்லாக்கப் படுக்க வெச்சு மூஞ்சியில லைட் அடிக்கிற ஆளு நீங்க. நாங்க என்னிக்காவது கண்ணு கூசுதுன்னு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னோமா?" என்றேன். அவர் திரும்பி நடந்தார். போகும்போது, வாசலில் நின்ற உங்கள் அத்தையிடம் ஏதோ முணுமுணுத்தார், அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து வெளிச்சத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நியாயத்தை நியாயமாக எடுத்துச் சொன்னால் படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அவர் உங்களுக்கு அனுப்பிய படம் வேறு விவகாரம். ஒரு சாயங்காலம் பின் கண்ணாடி மறைப்பை எடுக்க மறந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். பின்னால் என்னென்ன இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். டாக்டர் அன்று காலை புதிதாகப் போர்டு வைத்ததை என்னிடம் யாரும் சொல்லவில்லை. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. போர்டில் வரைந்திருந்த பெரிய பல் மட்டும் நடுவில் விரிசல் விட்டது. முழுப் பல்லைப் பார்த்தால் பல் டாக்டரிடம் எவன் வருவான்? இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது. இதை அவரிடமே சொன்னேன். அவருக்கு ரசனை போதாது.

ஆக, சன் ஃபிலிம் எதற்கு? மறைப்பு வந்த பிறகு வண்டிக்குள் என் பழைய கிடங்கு வெப்பமானியைத் தொங்கவிட்டிருக்கிறேன். சாயங்காலம் பார்த்தால் முதல் வாரத்து அனலில் பாதிகூட இல்லை. அது அரசியல்வாதி இல்லை, பொய் சொல்லாது. ஒரு பொருளைக் குளிராக வைக்க வேண்டுமானால் வெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணாடியில் கறுப்பை ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது சோம்பேறிகள் வேலை.

சரி, இவ்வளவு எழுதிய பிறகு உங்களிடம் மறைப்பானேன். ஃபிலிம் ஒட்டினால் மறைப்பு வேண்டாம். மறைப்பு வேண்டாம் என்றால் மடிக்க வேண்டாம். மடிக்க வேண்டாம் என்றால் உங்கள் அத்தை கீழே இறங்கி வர வேண்டாம். இதுதான் என் கவலை, மாப்பிள்ளை. மடித்து முடித்ததும் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று இருவரும் ஒரு சுற்றுப் போய் வருகிறோம். போன வாரம் போகும்போது, "அந்தக் குளிர் ரூமுக்குள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவை கேட்டதில்லை. சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம், பேசினால் வாயில் புகை வரும் என்று சொன்னேன். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அதான் வேர்வையே இல்லாம வீட்டுக்கு வருவீங்க. நான் ஆபீஸ்ல சும்மா உக்காந்துட்டு வர்றீங்கன்னு இல்ல நினைச்சேன்" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தோம். உங்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு என்று அம்மா கடைசியாக எப்போது போன் செய்தாள் என்று. மகளுக்கே நினைவிருக்காது.

ஆகவே வண்டி உங்களுடையது, நீங்கள் திரும்பி வந்ததும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மறைப்பின் மேல் எவனும் கை வைக்கக் கூடாது. திங்கட்கிழமை ஃபிலிம்காரர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். பல் டாக்டர் அல்ல, அவருடைய சங்கமே திரண்டு வந்தாலும் நான் அசைவதாக இல்லை.

நீங்களும் மகளும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும், முக்கியமாக ஒருவருக்கொருவர் நேராகப் பேசிக்கொண்டும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டும், ஆனால் உங்கள் மேல் அன்பு குறையாத,
மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படம் எடுக்க வெளிச்சம் தேடிப் பால்கனிக்கு வந்தேன். இது நான் வழக்கமாகத் தூங்கும் நேரம். கீழே வண்டிக்குப் பக்கத்தில் உங்கள் அத்தை தனியாக நின்றுகொண்டிருந்தாள். முன் கண்ணாடி மறைப்பை வெளியே எடுத்தாள், மணிக்கட்டை ஒரே ஒரு திருப்புத் திருப்பினாள், கைக்குட்டை மடிப்பதுபோல் மடித்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்ற பல் டாக்டர், "தினமும் எனக்காக இதை எடுத்து வெக்கறீங்க, ரொம்ப தேங்க்ஸ்மா. இவ்வளவு சுலபமாவா மடங்குது?" என்று கேட்டார். "முதல் நாளே கை வந்துடுச்சு டாக்டர். அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள மறுபடி விரிச்சு வெச்சுடுவேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு பேர் வேணும்னுதான் மனுஷன் நம்பிட்டிருக்கார். தெரிஞ்சா கீழ இறங்க மாட்டார், திரும்பவும் ஃப்ரிஜ் பக்கம் போயிடுவார்" என்றாள்.

ஆக, உச்சி வெயில் முழுக்க உங்கள் வண்டி முன்பக்கம் மொட்டையாகத்தான் நின்றிருக்கிறது. டேஷ்போர்டைப் பற்றி நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். வெப்பமானியில் குறைந்தது, சாயங்காலம் கட்டிட நிழல் விழுந்ததால் இருக்கலாம். இருவர் இல்லாமல் மடங்காது என்பதும் பொய்யாகிவிட்டது. இருந்தும் அந்த வரியை நான் அடிக்கவில்லை, அடிக்கப் போவதும் இல்லை. பால்கனியிலிருந்து சத்தம் காட்டாமல் உள்ளே வந்து, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். நீங்களும் மகளிடம் மூச்சு விடாதீர்கள். இப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கீழேயிருந்து குரல் வருகிறது. "ஏங்க, இது மடங்கவே மாட்டேங்குது, வந்து அந்தப் பக்கம் பிடிங்க!"

ஃபிலிம்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கீழே போகிறேன்.