ஏழாம் படுக்கைக்காரர் மறுத்துவிட்டார்

ரத்தம் பிடிக்க நர்ஸ் நான்காவது குழாயைக் கையில் எடுத்ததும், ஏழாம் படுக்கையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார்.

"மூணு போதாதா சிஸ்டர்? வெறும் தலைசுத்தல்தானே?"

"இது வைரஸுக்கு. எச்.ஐ.வி., அப்புறம் ஈரலைக் கெடுக்குற ரெண்டு. எமர்ஜென்சியில ரத்தம் எடுக்குற எல்லாருக்கும் பாக்குறோம். இருக்குன்னு வந்தாலும் பயமில்ல, இப்ப எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு. வேண்டாம்னா சொல்லிடுங்க."

முப்பது வருடமாக மாடி மாடியாக ஏறி இறங்கியவருக்கு அன்று காலை சமதரையில் தலை சுற்றியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று இழுத்துவந்த மனைவி டீ வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து, இது என்ன டெஸ்ட் என்று கேட்டால்? ஒருமுறை சட்டையில் ஒட்டியிருந்த நீள முடி அவளுடையதுதான் என்று நிரூபிக்கவே அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. எச்.ஐ.வி.க்கு எத்தனை வருடம் பிடிக்குமோ!

"வேண்டாம் சிஸ்டர்."

"சரி." நர்ஸ் ஒரு அட்டையில் எழுதிக் கால்மாட்டில் மாட்டினாள். சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: 'வைரஸ் பரிசோதனை: நோயாளி மறுத்துவிட்டார்.'

"ஐயையோ, இதுக்கு டெஸ்டே தேவலையே! கழட்டுங்க சிஸ்டர்."

"மறுத்தா மாட்டணும். ரூல்ஸ்."

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்க, அவள் ஓடிவிட்டாள். வராந்தாவில் மனைவியின் செருப்புச் சத்தம். மெக்கானிக் பாய்ந்து அட்டையைக் கழற்றினார். ஒளித்து வைக்கலாம் என்றால், ஆஸ்பத்திரி அங்கியில் எல்லா இடத்திலும் ஓட்டை, பாக்கெட் மட்டும் இல்லை. பக்கத்துப் படுக்கையில் கணக்கு வாத்தியார் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அட்டையை அவர் கால்மாட்டில் மாட்டிவிட்டு, இவர் போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

டீயோடு மனைவி வந்தாள். அவள் பின்னாலேயே வாத்தியாரின் மனைவியும் வந்தாள். வந்தவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"என்னங்க! எழுந்திரிங்க! எதுக்கு மறுத்தீங்க?"

வாத்தியார் விழித்தார். "நானா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் எதையாவது மறுத்திருக்கேனா?"

"அப்ப ரத்தம் எடுக்குறப்ப என்னை ஏன் வெளியில அனுப்புனீங்க?"

"ரத்தத்தைப் பார்த்தா நீ மயங்கி விழுவியே! அப்புறம் உனக்கும் ஒரு பெட் தேடணும்."

"பேச்சை மாத்தாதீங்க. யாரு அவ?"

வாத்தியாரின் தலைமாட்டில் இருந்த இதயத்துடிப்பு இயந்திரம் கீக்கீக் என்று கத்த ஆரம்பித்தது. மெக்கானிக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போர்வையை விலக்கினார்.

"அம்மா, பாவம், அவரை விட்டுடுங்க. அது என் அட்டை."

மெக்கானிக்கின் மனைவி நீட்டிய டீ வழியிலேயே நின்றது. கிளாஸைக் கீழே வைத்தாள். படுக்கையைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடினாள்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"டெஸ்ட் பண்ணிக்கிட்டா எதுக்குன்னு கேப்ப. பண்ணிக்கலன்னா ஏன்னு கேப்ப. நான் எந்தப் பக்கம்தான் போறது? உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும், சொல்லு. பத்தாவது மாடியில தொங்கிக்கிட்டே, நீ சாப்பிட்டியான்னு போன் பண்றவன் நான்."

அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இதுல ஏதோ ஒண்ணு இருக்குன்னு என் பேர்ல ரிசல்ட் வந்தா, நீங்க என்ன நினைப்பீங்க?"

"உன் பேர்லயா!" என்று சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நினைக்க என்ன இருக்கு? எப்பவோ எவனோ பல்லைப் பிடுங்கினான், ஊசியைக் கொதிக்க வைக்காம போட்டான், வந்திருக்கும். மாத்திரையை வாங்கி வேளை தவறாம நானே எடுத்துக் கொடுப்பேன். முழுங்கலைன்னா திட்டுவேன். வேற என்ன?"

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் கண் நிரம்பியது. தன்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று மெக்கானிக்குக்கு நெஞ்சு இளகிவிட்டது. திரைக்கு வெளியே குரல் கொடுத்தார்.

"சிஸ்டர்! வாங்க, எடுங்க. நாலு என்ன, நாப்பது குழாய் எடுங்க. வீட்டம்மா முன்னாடியே எடுங்க."

நர்ஸ் வந்தாள். குழாயில் ரத்தம் ஏறும்வரை மனைவி அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறி முடிந்த பிறகும் விடவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டே வந்த துப்புரவுக்காரம்மா திரையை விலக்கினாள். மனைவியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா அக்கா! போன மாசம் ரிசல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு, வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வராந்தாவுல அழுதீங்களே, ஒருவழியா சொல்லிட்டீங்களா?"