பொதி அண்ணாச்சியும் வெள்ளைத் தரையும்

குமரி மாவட்டத்தில் பொதி அண்ணாச்சி மூடி வைக்காதவை இரண்டுதான். ஒன்று கடல், இன்னொன்று அவருடைய வாய்.

எங்கள் வீட்டுக் கட்டுமான வேலைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர். எதைக் கண்டாலும் சுற்றி, ஒட்டி, பொதிந்து வைத்துவிடுவதால் வடசேரி முழுக்க அவர் பொதி அண்ணாச்சி. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா, தெரியாது. கடையில் போட்டுக் கொடுத்த பாலித்தீன் உறை இன்னும் அவருடைய பைக் சீட்டில் இருக்கிறது. பேரன் காலத்திலாவது பிரிப்பார்கள் என்று நம்புகிறோம்.

என் மனைவி லீலா குவைத்தில் நர்ஸ். வெள்ளை மார்பிள் தரை அவளுடைய பல வருட ஆசை. புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு லீவில் வரும்போது அதில் ஒரு கறைகூட இருக்கக் கூடாது. ஆனால் பெயின்டரும் ஆசாரியும் எலக்ட்ரீசியனும் இனிமேல்தான் உள்ளே வர வேண்டும். மழையும் பிடித்துக்கொண்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அட்டையை விரிச்சாப் போதாதா அண்ணாச்சி?"

"அட்டை நனைஞ்சா மஞ்சக் கறை. பேப்பர்னா மை இறங்கும். சாக்கு சாயம் விடும். மார்பிளு எதையும் குடிச்சிரும் மக்கா."

சொன்னதோடு விடவில்லை. மிச்சம் விழுந்த மார்பிள் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அட்டை, சாக்கு, பேப்பர் என்று ஒவ்வொன்றையும் நனைத்து அவற்றின் மேல் வைத்துக் காவல் இருந்தார். சாப்பாட்டு மேசையில் இடமில்லாமல் அவர் மனைவி பிறந்தகம் போய்விட்டார். கடைசியில் கனத்த பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் குழைத்து ஊற்றி, எங்கள் தரையை அடக்கம் செய்தார்.

அதன் பிறகு யாருக்கும் தரிசனம் இல்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். லீலா வீடியோ காலில் "தரையக் காட்டுங்க" என்பாள். காய்ந்த பி.ஓ.பி.யைக் காட்டுவேன். "இதுக்கா நான் நைட் டியூட்டி பாக்கேன்?" என்று போனை வைத்துவிடுவாள்.

பால்காய்ச்சு நாள் வந்தது. லீலா திருவனந்தபுரத்தில் இறங்கி நேரே வந்துவிட்டாள். நல்ல நேரம் நெருங்குகிறது, சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், தரை மட்டும் மூடியே கிடக்கிறது.

"ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் பாக்கி. ஆசாரி கையிலேருந்து உளி விழுந்தா யாரு பொறுப்பு?" என்று குறுக்கே நின்றார் அண்ணாச்சி. நான் கத்தினேன். மாமனார் கெஞ்சினார். மனிதர் அசையவில்லை.

லீலாதான் மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, அடுத்த வாரம் நான் திரும்பிப் போணும். எனக்க தரைய நான் பாக்கண்டாமா?"

அண்ணாச்சி ஆசாரியின் உளியை வாங்கி, தானே உட்கார்ந்து பி.ஓ.பி.யைப் பெயர்க்க ஆரம்பித்தார். நல்ல நேரம் தவறிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கை ஓடியது. ஷீட்டை உருவினோம். கறையே இல்லாத வெள்ளை. நடுவில் மட்டும், அவர் உளி பட்டு நகத்தளவு ஒரு வெட்டு.

"எனக்க கையாலயே..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லீலா வெறுங்காலோடு அறை முழுக்க நடந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்ன குளிர்ச்சி அண்ணாச்சி. எழும்புங்க, நீங்க வந்தாத்தான் பால் காய்ச்சுவேன்."

அந்த வெட்டைப் பாலிஷ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்று இப்போதும் அடிக்கடி வருகிறார். தொடக் கூடாது என்று லீலா குவைத்திலிருந்தே உத்தரவு போட்டிருக்கிறாள். அவர் பைக் சத்தம் கேட்டால், ஓடிப்போய் அதன் மேல் ஒரு பாயை விரித்துவிடுகிறேன். வெட்டைக் கண்டால் மனிதர் முகம் வாடிவிடும். எனக்கு அது தாங்காது.