வசூலுக்குப் போனவன் கோவிந்தா போட்ட கதை

"அக்கா, கொட்டாதீங்க! அரிசி வேணாங்க்கா!"

கொட்டிட்டாங்க. முழுசா ஒரு படி.

சித்தூர் டவுன்ல, பேர் தெரியாத ஒரு தெருவுல, வெறுங்காலோட நிக்கிறேன். கையில எங்கம்மாவோட தூக்குச்சட்டி. அந்த அக்கா அதோட விடல. ஒரு சொம்புத் தண்ணியை என் கால்ல ஊத்தி, மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

என் கால்! இன்டர் பரீட்சை, அதாங்க ப்ளஸ் டூ, அந்த ஹால்ல இருந்து பாதியில எழுந்து ஓடியாந்த கால்!

நான் வந்தது வசூலுக்குங்க.

எங்க ஊர் ஆந்திரா பக்கம், சித்தூர் ஜில்லா பாலசமுத்திரம் கிட்ட. பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்கு ஏழு மாசக் குழந்தை, யாழினி. பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை. திருப்பதி ஆஸ்பத்திரியில ஆபரேஷன். அதுக்குக் காசு வேணாம், கவர்மென்ட் அட்டை இருக்கு. ஆனா கூட இருக்கிறவங்க மூணு வாரம் அங்கயே கெடந்து துன்னணுமே? அக்காவும் மாமாவும் கூலி வேலை. போன தடவை கையில இருந்தது நாலே நாள்ல தீர்ந்துபோச்சு. ஆபரேஷன் ஆகாமலே குழந்தையைத் தூக்கிக்கினு வந்துட்டாங்க.

"இந்தத் தடவையும் திரும்பிப் போனா குழந்தை தாங்காது"ன்னு டாக்டர் சொல்லிட்டாராம். திங்கக்கிழமை தேதி. ரெண்டு பேரும் கடன் வாங்கின பஸ் காசோட கிளம்பிப் போயிட்டாங்க.

"சாப்பாட்டுக்கு நான் வசூல் பண்ணி எடுத்தாரேன்"னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.

எங்கம்மா சிரிச்சாங்க. "நீயா? பால் வாங்கப் போனா சொம்பை அங்கயே வெச்சிட்டு வர்றவன் நீ!"

அந்த ரோஷத்துல அவசரமா கிளம்பினேன். தூக்குக்கு மூடி காணோம். கல்யாணத்துல குடுத்த மஞ்சப்பையைக் கிழிச்சு, நடுவுல காசு போட வழி விட்டு, சட்டி வாயில கட்டினேன். சட்டி மேல குழந்தை போட்டோ ஒட்டணும். யாழினி அழாம இருக்கிற போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். கிருஷ்ண ஜெயந்திக்கு நெத்தி நிறைய நாமம் போட்டு எடுத்தது. அதையே ஒட்டினேன். கீழ விஷயத்தை எழுதினேன், தமிழ்ல. சித்தூர்ல பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கே தெரியும். தெலுங்குல எழுதச் சோம்பேறித்தனம்.

பஸ் எறங்கி ரெண்டாவது தெருவுல செருப்பு அறுந்துச்சு. கழட்டிக் குப்பையில போட்டேன்.

பாக்காம விட்டது காலண்டர். புரட்டாசி மூணாவது சனிக்கிழமை!

எங்க பக்கத்துல திருப்பதிக்கு வேண்டிக்கினவங்க அன்னிக்குத்தான் மஞ்சத்துணி கட்டின சொம்போட, செருப்பில்லாம, வீடு வீடா கோவிந்தா போட்டு அரிசி வாங்குவாங்க. இப்ப என்னைப் பாருங்க.

அடுத்த வீட்டுல தெளிவா சொல்லிடணும்னு முடிவோட போனேன்.

"இது அந்த மாதிரி இல்லீங்கம்மா. குழந்தைக்கு ஹார்ட் ஆபரேஷன்."

"ஆபரேஷனுக்கா வேண்டிக்கினு இருக்க? நல்லா ஆவும் நைனா. இந்தா, ரெண்டு படி."

"அரிசி இல்லீங்க, பணமா…"

"பணத்தை மலைமேல உண்டியல்ல நாங்களே போட்டுக்கறோம்."

அதுக்கடுத்த வீட்டுத் தாத்தா நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே நாமக்கட்டியைக் குழைச்சுக்கினு வந்து, "நெத்தி காலியா இருக்கக்கூடாது"ன்னு பட்டையா இழுத்து விட்டுட்டாரு. இப்ப போட்டோவுல இருக்கிற குழந்தையும் நானும் ஒரே மாதிரி இருந்தோம்.

எட்டு வீட்டுல சொன்னேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. ஒன்பதாவது வீட்டுல நானும் சொல்லலை. சட்டியை நீட்டினேன். தூக்குச்சட்டி ரொம்பி வழிஞ்சு, யாரோ ஒரு அக்கா பாவம் பார்த்து கோணிப்பை குடுத்தாங்க.

அப்பதான் நிஜமான கோஷ்டி எதுக்க வந்துச்சு. நாலு பேர். முன்னால ஜால்ரா போட்டுக்கினு ஒரு அண்ணன், காக்கிச் சட்டை, இடுப்புல மஞ்சத்துணி. ஆட்டோ டிரைவர்.

"டேய், யாருடா நீ? இந்தத் தெருவு எங்களுது!"

"அண்ணா, நான் வந்து…"

"கோவிந்தா போடாமலே அரிசி வாங்கறியா? சாமியையே ஏமாத்தறியா? வா, கூட வந்து கத்து!"

கத்தினேன். மூணு தெரு. தொண்டை கட்டிப்போச்சு. ஒவ்வொரு வாசல்லயும் அவரு திரும்பி என் வாயைப் பார்ப்பாரு, அசையுதான்னு.

நாலாவது தெருவு முனையில டீ குடிக்க நின்னோம். எனக்குப் பொறுமை போச்சு.

"அண்ணா, எனக்கு வேண்டுதலே கிடையாது! படிங்க!"ன்னு சட்டியைத் திருப்பிக் காட்டினேன்.

அவருக்குத் தமிழ் படிக்க வந்துச்சு. ஒரு எழுத்து விடாம, வாய்விட்டுப் படிச்சாரு. டீ ஆறிப்போச்சு.

"டேய், மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எட்டு வீட்டுல சொன்னேன்ணா!"

அவரு தன்னோட மூட்டையை எடுத்து என் கோணியில கவுத்தாரு. மத்த மூணு பேரையும் ஒரு பார்வை பார்த்தாரு. அவங்களும் கவுத்தாங்க. தூக்கினா நான் ஒரு பக்கமா சாயற அளவுக்கு ஆயிடுச்சு.

"ஆனா ஒண்ணு. இது கோவிந்தா போட்டு வாங்கின அரிசி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போவக்கூடாது. ஏழு மலையும் நடந்து ஏறு. சாமிகிட்ட ஒரு பிடி வெச்சிட்டு, அப்புறம் குழந்தை வீட்டுக்குக் குடு. புரிஞ்சிதா?"

"சரிண்ணா."

"நடந்து!"

"சரிண்ணா."

ராத்திரி சித்தூர் பஸ் ஸ்டாண்டுலயே மூட்டை மேல படுத்தேன். ஞாயித்துக்கிழமை காலையில திருப்பதி பஸ். கண்டக்டர் என் நெத்தியைப் பார்த்தாரு, மூட்டையைப் பார்த்தாரு. "கொண்டக்கா?"ன்னு கேட்டாரு. மலைக்கான்னு அர்த்தம்.

நான் மண்டையை எப்படி ஆட்டினேன்னு எனக்கே தெரியல. மூட்டைக்கு டிக்கெட் போடல.

பஸ் ஸ்டாண்டுல எறங்கி நின்னேன். ஒரு பக்கம் மலை தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி ஆட்டோ. அக்காவுக்கு போன் போட்டேன். "மாமா காலையில இருந்து டீதான்டா. பக்கத்துச் சத்திரத்துல அடுப்பு குடுக்கறாங்க, போட அரிசிதான் இல்ல. ஊருக்கே திரும்பிடலாமான்னு கேட்டுக்கினு இருக்காரு"ன்னாங்க.

"மாமாவை அங்கயே உக்காரச் சொல்லு!"ன்னு கத்தினேன். கட்டின தொண்டையில பாதிதான் வெளிய வந்துச்சு.

ஆஸ்பத்திரியில லிஃப்ட் நோயாளிங்களுக்கு மட்டும்தானாம். மூட்டையோட படியேறி, வார்டு வாசல்ல தொப்புன்னு போட்டேன். மாமா மூட்டையைத் தொட்டுப் பார்த்துட்டு, கட்டி வெச்சிருந்த பையை அவுக்க ஆரம்பிச்சாரு. அக்கா என் நெத்தியைப் பார்த்தாங்க.

"டேய், மலையேறிட்டா வர்ற?"

ஆட்டோ அண்ணன் ஏழு மலை ஏறச் சொன்னாரு. நான் ஏறினது மூணு மாடி.