சம்பந்தி மகனின் புள்ளி காணாமல் போன விவரம்

அன்புள்ள மச்சான் தனகோடிக்கு,

கருங்குழியிலிருந்து உன் அக்கா புருஷன் வாசுதேவன் எழுதுவது. அவள் முழங்கால் தவிர இங்கு அனைவரும் நலம். உன் லாரி விசாகப்பட்டினத்தில் பழுதாகி நின்றதால், உன் அக்கா மகள் ஜெயப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை. நடந்ததைக் கேள்.

தட்டு மாற்றப் போகும் நேரம், மண்டப வாசலில் லைட்டு போர்டு எரிந்தது. மாப்பிள்ளை பெயர் ‘பார்த்திபன’ என்று ஓடியது. கடைசிப் புள்ளி இல்லை. சம்பந்தி தர்மராஜ் துண்டை உதறி எழுந்துவிட்டார்.

“இன்னாங்க இது? ஜனங்க பாத்துகினு கீறாங்க, என் புள்ளை தலையில இருந்த புள்ளிய எவன் எடுத்தான்? சகுனமே சரியில்ல. எல்லாரும் வண்டியில ஏறுங்க!”

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பெண்தான், பட்டுப்புடவையோடு போய் மண்டபக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

“யாரும் எடுக்கல மாமா. நமக்கு ‘ன்’ ஒரே எழுத்து. இந்தக் கம்ப்யூட்டருக்கு ‘ன’ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. போர்டுல பத்தோட வெட்டச் சொல்லியிருக்காங்க, புள்ளி பதினொண்ணாவது.”

“அப்போ என் புள்ளை பேரு எம்மா நீளம்?”

“பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில கேட்டா பதினொண்ணு. சி மொழியில ஒண்ணுக்கு மூணு பைட்டுன்னு முப்பத்து மூணு. ஸ்விஃப்ட் மொழியில கண்ணுக்குத் தெரியுற எழுத்து ஆறு.”

“எதும்மா நெசம்?”

“மூணும் நெசம் மாமா. எதை எண்ணுறோம்ங்கிறதுதான் வேற.”

பிறகு அவள் மாப்பிள்ளை பெயரைப் பின்னாலிருந்து திருப்பிக் காட்டினாள். புள்ளி முதலில் வந்து, உட்கார எழுத்தில்லாமல், ஒரு வெறும் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது! இத்தனை வருஷமாக இதே எழுத்தில்தான் கையெழுத்துப் போடுகிறேன், அதற்குள் இவ்வளவு இருக்குமென்று சத்தியமாகத் தெரியாதுப்பா. கண்ணால் பார்க்கிற எழுத்துகளை எண்ணும்படி அவள் மாற்றியதும் ‘பார்த்திபன்’ முழுசாக ஓடியது. சம்பந்தி போர்டைப் பார்த்துக் கும்பிட்டார். தட்டு மாறியது. கல்யாணத்துக்கும் அதே போர்டுதான், மச்சான்; அதில் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பெயரும் ஓடும். இனி ஒரு தகராறும் வராது.

லாரி கிளம்பினதும் நேராக இங்கே வா. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாசுதேவன்

பின்குறிப்பு: சம்பந்தி இப்போதுதான் போன் செய்தார். ராத்திரியெல்லாம் எண்ணினாராம். எந்த மொழியில் எண்ணினாலும் அவர் பெயரைவிட அவர் சம்சாரம் எல்லம்மாள் பெயர்தான் நீளமாம். போர்டைக் கழற்றினால்தான் கல்யாணமாம்.