எட்டு கேரமல் கஸ்டர்டும் ‘கடைசிப் பக்கம்’ அண்ணனும்

மலேசியாவில், ஈப்போ நகரில் இருந்த அத்தனை பெரிய ஓட்டல்களின் மெனு அட்டையையும் கடைசிப் பக்கத்திலிருந்து மட்டுமே படித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் அந்த ஊரின் சிலிபின் பகுதியில் நான் வேலை பார்த்த அதே டயர் பட்டறையில் வேலை பார்த்தார் என்பதை இன்றைக்கும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நாலு பேருக்கு மேல் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அது வேறு விஷயம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளக் கணக்கு எழுதிய கிராணிக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ‘கடைசிப் பக்கம்’ அண்ணன். ஓட்டலில் மெனு அட்டை கைக்கு வந்ததும் சூப்பு, கோழி, மீன், சோறு எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். அட்டையை அப்படியே கவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைத் திறப்பார். புடிங், கேக், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் இருட்டோடு போய்த் தன்னுடைய மர நிரையைக் கண்டுபிடித்து நிற்பதுபோல, அவர் விரல் நேராகப் போய் ‘கேரமல் கஸ்டர்ட்’ மேல் நிற்கும். எழுத்தின் உருவத்தை வைத்தே பிடித்துவிடுவார்.

சாப்பாடு வேண்டாமா என்று எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பதில்தான். சோறு வீட்டில் இருக்கிறது, அதற்காக யாராவது சட்டையை இஸ்திரி போடுவார்களா என்பார்.

எங்கள் பட்டறையில் தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டுவோம். வேலை செய்த பத்துப் பேரும் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் அப்பாமார் கையில் வெள்ளையாக ஒட்டிய ரப்பர் எங்கள் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். மாதாமாதம் சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அண்ணன் குழாயடியில் உட்காருவார். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சவுக்காரம், அப்புறம் எலுமிச்சம்பழம். கடைசியில் ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு தீக்குச்சி. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு நேரம் நலங்கு வைக்க மாட்டார்கள். பிறகு வெள்ளைச் சட்டை. பிறகு காலுக்குப் பளபளக்கும் தோல் சப்பாத்து. அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கலாம்.

தனியாகப் போக மாட்டார். மாதம் ஒருவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொள்வார். என் முறை வந்தபோது ஒரு ஹைனான் சீனர் நடத்திய காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். சலவைக்கல் மேசை, வெள்ளை விரிப்பு, சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் என் கால் தானாகக் கழிவறைப் பக்கத்து மூலை மேசைக்குப் போனது.

“அங்க எங்கடா போற? மூலையில வாளியும் தொடப்பமும்தான் வைப்பாங்க. நீ வாளியா, தொடப்பமா?” என்றார்.

நடு மேசையில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார வைத்தார். எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. காற்றாடி வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

கஸ்டர்ட் வந்தது. அண்ணன் உடனே கரண்டியைத் தொடவில்லை. தாடையை மேசையில் வைத்துக் கண்ணைக் கஸ்டர்டுக்கு நேராகக் கொண்டுவந்தார். தட்டை ஒரு விரலால் தட்டினார். மூன்று ஆட்டம் ஆடி நின்றால் நல்ல கஸ்டர்ட். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அடுப்பில் அதிக நேரம் கிடந்தது. ஆடிக்கொண்டே இருந்தால் அவசரத்தில் இறக்கியது. கிழட்டுப் பரிமாறுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சமையல்காரரும் கதவிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டிய பிறகுதான் இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

“நீ சொல்லுலா. எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

சீனி கருகின கசப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் அதுதான் நன்றாக இருக்கிறது, அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்திப் பார்த்தபோது அண்ணன் கரண்டியை வாயில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான்.

ஒருமுறை தைப்பிங்கில் ஒரு கேக் கடையில் கிரீம் பஃப் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டுகிற ஊர் தைப்பிங். எங்களிடம் ஒரே ஒரு குடை. அதை அண்ணன் கிரீம் பஃப் பெட்டிக்குப் பிடித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் பெட்டியை மடியில் வைத்திருந்ததால் நானும் கொஞ்சம் நனையாமல் தப்பித்தேன். பெட்டி ஆடக்கூடாது, நான் விழுந்தாலும் பெட்டியோடு நிமிர்ந்து விழ வேண்டும் என்பது உத்தரவு. ஒரு கையால் குடை பிடித்து ஒரு கையால் வண்டி ஓட்டி ஈப்போ வந்து சேர்ந்தார். மூன்று நாள் காய்ச்சல். கிரீம் பஃப் ஒன்றுகூட நனையவில்லை என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஆனால் அவர் புகழ் பட்டறையைத் தாண்டிப் பரவியது மாட்டு விஷயத்தில்தான். முன்பு வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்து தங்கிய பெரிய ஓட்டல் ஒன்று ஊரில் இருந்தது. கண்ணாடிக் கதவு, தொங்குவிளக்கு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டிய தலைமைப் பரிமாறுகிறவர். அந்தப் பட்டாம்பூச்சிக்காரர் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர். அவருக்குச் சீனமும் இங்கிலீஷும் தவிர வேறு வராது. ஒருநாள் அண்ணன் முன்னால் தட்டில் பால் நிறத்தில் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. மாட்டு எலும்பில் செய்கிற ஜெலட்டின் சேர்த்த ஜெல்லியை நம் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். அதை எப்படிக் கேட்பது?

அண்ணன் எழுந்து நின்றார். இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்தார். தட்டைக் காட்டினார். பிறகு சபை முழுவதும் கேட்க ‘ம்மா’ என்றார்.

கரண்டிச் சத்தம் எல்லாம் நின்றுபோனது. பட்டாம்பூச்சிக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டு கையையும் உயர்த்தி, கடலுக்கடியில் பாசி அலையில் ஆடுவதுபோல் மெதுவாக ஆட்டிக் காட்டினார். கடல் பாசி. அகார் அகார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். அதற்கப்புறம் அந்த ஓட்டலில் அவர் நுழைந்தால் பட்டாம்பூச்சிக்காரரே வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். மூன்று இடம் பார்த்து மூன்றும் தட்டிப்போனது. முதல் வீட்டில் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ஊமையா என்று பெண்ணின் அத்தை கேட்டார். இரண்டாம் வீட்டில் நிரந்தர வேலைதானே என்று கேட்டதற்குப் பதற்றத்தில் ‘இல்லை’ என்று தலையாட்டிவிட்டேன். மூன்றாம் வீட்டில் என்ன வேலை என்றார்கள். ‘டயர்’ என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலாவது இடம் பாகான் டத்தோவில். தென்னந்தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். சிலிபினில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண் பந்தி பரிமாறியபோது பார்த்திருக்கிறேன். சாம்பாரை என் இலையில் ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்டது. போதும் என்று சொல்ல வாய் வராததால் மூன்று கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டேன். இந்த இடமும் தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதை அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

அவர் யோசித்தார். “வீட்டுல உக்கார வச்சா உனக்கு வாய் தொறக்காது. கரண்டியப் பாத்தாத்தான் உனக்குப் பேச்சு வரும். அந்தப் பெரிய ஓட்டல்ல வச்சுக்குவோம்லா.”

என் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “கடையில பொண்ணு பாத்தா கடைச் சரக்குன்னு சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டார். ஆனால் தரகர் போய்ச் சொன்னதும் தண்டல் உடனே சம்மதித்துவிட்டார். துரையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஓட்டல் வாசல்வரை பலமுறை வந்தவர் அவர். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தண்டல், அவர் மனைவி, பெண்ணின் மாமா, பெண். எங்கள் பக்கம் அம்மா, தரகர், அண்ணன், நான். மொத்தம் எட்டுப் பேர் ஓட்டல் வாசலுக்குப் போனோம்.

கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் தண்டல் நின்றார். சிலிப்பரைக் கழற்றிச் சுவரோரம் விட்டார். துரை பங்களாப் படியில் முப்பது வருடம் கழற்றிய கால், கதவைப் பார்த்ததும் தானாகக் கழற்றிவிட்டது. அவர் கழற்றியதைப் பார்த்து அவர் மனைவி கழற்றினார். மாமா கழற்றினார். பெண்ணும் கழற்றியது. என் அம்மாவும் கழற்றினார். கண்ணாடிக்கு உள்ளே சப்பாத்தும் குதிகால் செருப்புமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அந்தப் பெரியவர் அவமானப்பட்டுப்போவார், சம்பந்தம் அங்கேயே முடிந்தது. சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் குனிந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். முகம் பார்க்கிற அந்தச் சப்பாத்து இரண்டையும் தண்டலின் சிலிப்பருக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். இடது காலுறையில் ஒரு ஓட்டை; அதிலிருந்து கட்டைவிரல் வெளியே வந்து ஓட்டலைச் சுற்றிப் பார்த்தது. “வாங்கய்யா, போலாம்” என்று தண்டலின் தோளைத் தொட்டு அவரை முன்னால் விட்டார். தரகரும் நானும் அவசரமாகக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓடினோம்.

பளிங்குத் தரை ஜில்லென்று இருந்தது. பட்டாம்பூச்சிக்காரர் வந்தார். எங்கள் பதினாறு கால்களையும் பார்த்தார். அண்ணன் நிமிர்ந்து நின்று நடு மேசையைக் கைகாட்டினார். பட்டாம்பூச்சிக்காரர் மறுபேச்சில்லாமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். முதல் நாற்காலி தண்டலுக்கு. சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் அட்டையைக் கவிழ்த்து எட்டு கேரமல் கஸ்டர்ட் கொண்டுவரச் சொன்னார். எட்டும் வந்து ஆடி நின்றன. தண்டல் தட்டை உற்றுப் பார்த்தார்.

“முட்ட போட்டதா தம்பி இது? சனிக்கெழம நாங்க முட்ட சேக்க மாட்டோம். பெருமாளுக்கு வெரதம்.”

தரகர் நெற்றியைத் துடைத்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியை அதற்கு முன் காற்றாடியையே பார்த்திராதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

“எனக்குத் தொண்ட சரியில்லலா. நீயே சொல்லு” என்றார், காற்றாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுந்து நின்றேன். சபை முழுவதும் ஆட்கள். வாயில் ஒரு சொல்லும் இல்லை. கை மட்டும் இருந்தது. இரண்டு கையையும் தூக்கி, கடல் பாசி மாதிரி மெதுவாக ஆட்டினேன். தூரத்தில் நின்ற பட்டாம்பூச்சிக்காரர் முகம் மலர்ந்து, தன் கையையும் தூக்கி அதேபோல் ஆட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

அந்தப் பெண் சிரித்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு அல்ல, பல் தெரியச் சிரித்தது.

அகார் அகார் வந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. இதில் முட்டை இல்லை, எலும்பு இல்லை, கடல் பாசியைக் காய்ச்சித் தேங்காய்ப்பால் விட்டிருக்கிறார்கள், அடியில் பனைவெல்லம் மாதிரி இருப்பது கூலா மலாக்கா, தேங்காய் உங்கள் ஊருடையதாகக்கூட இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனேன். தண்டல் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

“எங்க ஊருத் தேங்காதான்” என்றார், அதைத் தானே காய்க்க வைத்தவர்போல.

பெண் என்னைப் பார்த்து, “அந்தக் கைய இன்னொரு தரம் ஆட்டிக் காட்டுங்க” என்றது. ஆட்டினேன்.

அண்ணன் எட்டு கஸ்டர்டையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டு முடித்தார். ஒன்றைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து சிலிப்பர் போடும்போது தண்டல், பையன் பேசவே பேசாது என்று சொன்னார்களே என்று கேட்டார்.

“யாரு சொன்னது? பட்டறையில இவன் வாய மூட வைக்கத்தான் தனியா ஆள் போட்டிருக்கோம்” என்றார் அண்ணன்.

கல்யாணத்தன்று தரகர் என் காதில் ஒரு சேதி சொன்னார். சனிக்கிழமை அவர்கள் முட்டை தொட மாட்டார்கள் என்று அவர் அண்ணனிடம் பெண் பார்ப்பதற்கு முந்தின வாரமே மூன்று முறை சொல்லியிருக்கிறார். நான் போய்க் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு அண்ணன் மண்டபத்துக் காற்றாடியைப் பார்த்தார். பந்தியில் பாயசத்தை மட்டும் நாலு தரம் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

விடைபெறும்போது என் மனைவி அவரிடம் தாம்பூலப் பையைக் கொடுத்தது. தேங்காய்க்குப் பக்கத்தில் இரண்டு ஜோடி புதுக் காலுறை இருந்தது. அண்ணன் பைக்குள் பார்த்தார். ஈப்போவின் எல்லா ஓட்டல்களிலும் நடு மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர், அன்றைக்கு மண்டப வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டுகிற சாக்கில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.